மில் மெயின்டனன்ஸ் முழுவதையும் கான்ட்ராக்டுக்கு விடலாமா? கஞ்சிக்கோடு, வாளையார் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

கஞ்சிக்கோடு ஃபிட்டர்:
எங்கள் எஃகு ரோலிங் மில்லில் வரும் ஏப்ரலிலிருந்து மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் மொத்தத்தையும் ஒரே கான்ட்ராக்டரிடம் கொடுக்கப் போகிறார்கள். ரிட்டையர் ஆகிறவர்கள் இடத்துக்கு ஆள் எடுப்பதை எப்போதோ நிறுத்தியாயிற்று. ‘மெஷின் ஓடும்போது ஃபிட்டருக்கு என்ன வேலை’ என்பது மேனேஜ்மென்ட் கணக்கு. மெஷின் ஓடும்போதுதான் அவனுக்கு முக்கியமான வேலையே இருக்கிறது. சத்தம் மாறுகிறதா, கியர்பாக்ஸில் சூடு ஏறுகிறதா, ஆயில் சீலில் கசிவு தெரிகிறதா என்று தினமும் சுற்றிப் பார்க்கிறவன் அவன்.

போன மழைக்காலத்தில் பினியன் ஸ்டாண்டில் (மோட்டாரின் சுழற்சியை ரோல்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) வெளி ஆட்கள் ஒரு பேரிங் மாற்றினார்கள். சீக்கிரமே போய்விட்டது. பிரித்தது நான். உள்வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் நீலம் பாய்ந்திருந்தது. கேஸ் டார்ச்சை நேராகக் காட்டியிருக்கிறார்கள். பேரிங்கைச் சூடாக்கி விரியவைத்து ஷாஃப்டில் ஏற்றுவதற்கு 110 டிகிரி போதும், 120ஐத் தாண்டவே கூடாது. எஃகில் நீலம் தெரிந்தால் 300 டிகிரிக்குப் பக்கத்தில் போயிருக்கிறது என்று அர்த்தம், அந்த இடத்தில் கடினம் போய்விடும். ஜாப் கார்டை எடுத்துப் பார்த்தேன். ‘பேரிங் மாற்றப்பட்டது, ஓகே’ என்று இருந்தது. எவ்வளவு சூடாக்கினார்கள், கிளியரன்ஸ் (உள்ளே விட்ட இடைவெளி) என்ன, எந்த கிரீஸ், ஒரு வார்த்தை இல்லை. மொத்த மில்லும் இப்படிப் போகக்கூடாது என்பதுதான் என் கவலை.

கொழிஞ்சாம்பாறை கான்ட்ராக்டர்:
அண்ணா, டார்ச் காட்டியது தப்பு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் உங்கள் டெண்டரை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்றுதான் ரேட் கேட்கிறீர்கள். யார் குறைத்துப் போடுகிறானோ அவனுக்கு ஆர்டர். பேரிங்கைச் சீராகச் சூடாக்கும் இண்டக்‌ஷன் ஹீட்டருக்கு அதில் இடம் எங்கே? ஹீட்டர், டயல் கேஜ், டார்க் ரெஞ்ச் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு ரேட் போட்டேன் என்றால், எதுவும் இல்லாமல் வருகிறவனிடம் தோற்றுப்போவேன். தோற்றும் இருக்கிறேன்.

அப்புறம் பில். சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு என்று 2006 சட்டம் சொல்கிறது. இந்த ஏரியாவில் 90 நாளில் வந்தாலே சந்தோஷம். கேஸ் போட்டால் அடுத்த வருடம் ரேட் கேட்டு எங்களைக் கூப்பிடவே மாட்டார்கள். ஆனால் பையன்களுக்கு 7ஆம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். மதுக்கரை, போத்தனூரிலிருந்து வருகிற நல்ல ஃபிட்டர் இரண்டு மாதம் சம்பளம் தள்ளினால் கோயமுத்தூரிலேயே பம்ப் கம்பெனிக்குப் போய்விடுவான். அவன் இடத்துக்கு வருகிறவன்தான் உங்கள் பேரிங்கில் டார்ச் காட்டுகிறான்.

சத்தியவேடு தமிழ்:
நான் ஆந்திரப் பக்கம், ஸ்ரீசிட்டியில் ஒரு பிளான்ட்டில் பிளானிங் பார்க்கிறேன். எங்களுக்குத் தொடக்கத்திலிருந்தே மெயின்டனன்ஸ் வெளி ஆட்கள்தான். நன்றாகவே நடக்கிறது. ஃபிட்டர் சார் சொல்கிற பயம் நியாயம், ஆனால் எல்லா வேலையும் ஒன்றல்ல. மோட்டார் ரீவைண்டிங், சேஃப்டி வால்வ் டெஸ்ட், வைப்ரேஷன் அளப்பது, இதற்கெல்லாம் வருடம் முழுக்க சொந்த ஆள் வைப்பது வீண். வருடாந்திர ஷட்டவுனுக்குப் பெரிய கூட்டமே வேண்டும், அதற்குப் பிறகு அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பீர்கள்?

நாங்கள் விட்டுக்கொடுக்காதது மூன்று. எந்த மெஷினை எப்போது நிறுத்துவது என்ற பிளானிங், வேலையைத் தொடங்க எழுத்தில் கொடுக்கும் பெர்மிட், கடைசி செக்கிங். கியர்பாக்ஸ் மூடியைப் போடுவதற்கு முன் எங்கள் ஆள் வந்து பார்க்க வேண்டும். ஷாஃப்டுகள் நேர்கோட்டில் இருக்கிறதா என்ற அலைன்மென்ட் ரீடிங்கை அவர் கையால் எழுத வேண்டும். அவர் வரும்வரை மூடி திறந்தே இருக்கும்.

வாளையார் தோழர்:
எல்லோரும் டூல்ஸ் பற்றியே பேசுகிறீர்கள். பக்கத்தில் நிற்கிற ஆளைப் பற்றிப் பேசலாமா? அதே கியர்பாக்ஸ், அதே ஸ்பேனர், ஆனால் பெர்மனன்ட் ஃபிட்டர் வாங்குவதில் பாதிகூட இவன் வாங்குவதில்லை. நிர்வாகம் மிச்சம் என்று சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1978இல் கோழிக்கோட்டுக் கயிறு ஃபாக்டரி ஒன்றின் வழக்கு, ஹுசேன்பாய் வழக்கு என்பார்கள். கான்ட்ராக்டர் மூலம் எடுத்த ஆட்கள் எங்கள் ஆட்களே இல்லை என்றார் முதலாளி. நம்ம பாலக்காட்டில் பிறந்த கிருஷ்ணய்யர்தான் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பு எழுதினார். திரையை விலக்கிப் பார்த்தால் உண்மையான முதலாளி ஃபாக்டரிதான் என்றார். 2001இல் செயில் (அரசு எஃகு நிறுவனம்) வழக்கு வந்து, ஒப்பந்த முறையைத் தடை செய்தாலும் ஆட்கள் தானாக நிரந்தரம் ஆகிவிட மாட்டார்கள் என்றாக்கியது. ஒப்பந்தம் வெறும் வேஷம் என்றால் தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபிக்க வேண்டும். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 20 ஒப்பந்த ஆட்கள் இருந்தால் பொருந்தும் என்றிருந்ததை 50 ஆக்கிவிட்டார்கள். சின்ன சின்ன கான்ட்ராக்டாகப் பிரித்துக் கொடுத்தால் 50க்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் கான்ட்ராக்டர் தப்பிவிடுவார். அதனால் முழுவதையும் கொடுப்பதும் வேண்டாம், பாதி கொடுப்பதும் வேண்டாம்.

சத்தியவேடு தமிழ்:
தோழர், முக்கிய வேலையில் ஒப்பந்த ஆட்கள் கூடாது என்பது அந்தப் புதிய சட்டத்திலும் இருக்கிறது. எங்கள் ஆந்திராவில் 2003 திருத்தத்திலேயே வந்துவிட்டது. முக்கிய வேலை இல்லை என்று கேன்டீன், காவல், தோட்டம், கட்டுமானம் எல்லாம் பட்டியல் போட்டவர்கள் இயந்திரப் பராமரிப்பைப் பேர் சொல்லி எழுதவில்லை. சண்டை அங்கேதான்.

கஞ்சிக்கோடு ஃபிட்டர்:
தோழர் சொல்வதில் சம்பள விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் என் வாதம் கோர்ட்டில் முடிகிற வாதம் இல்லை. 1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை. ஒரு பம்பின் சேஃப்டி வால்வைக் கான்ட்ராக்டர் ஆட்கள் சர்வீஸுக்காகக் கழற்றினார்கள். ஷிப்ட் முடிந்தது, வால்வ் திரும்பப் பொருத்தவில்லை, அந்த இடத்தில் ஒரு மூடித் தட்டு மட்டும் இருந்தது. நைட் ஷிப்டுக்குத் தகவல் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றது, இதை ஓட்டினார்கள். அந்த மூடி வழியாக வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் செத்தார்கள்.

அங்கே யாருக்கும் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாமல் இல்லை. ஒருத்தருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரே ஷெட்டில் முதலாளி வேறு, கான்ட்ராக்டர் வேறு, அவருக்குக் கீழே இன்னொரு சப் கான்ட்ராக்டர் என்று ஆகும்போது இந்த இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. எங்கள் மில்லில் இப்போதே தமிழ், மலையாளம், இந்தி, வங்காளம் எல்லாம் ஓடுகிறது. பெர்மிட் மட்டும் இங்கிலீஷில் இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை கான்ட்ராக்டர்:
பெர்மிட் என்று சொன்னீர்களே, அதையும் பேசிவிடலாம். ஒரு கம்பெனியில் ஹைட்ராலிக் டேங்க் உள்ளே இறங்கிச் சுத்தம் செய்கிற வேலை. பெர்மிட் ஏசி ரூமிலேயே சைன் ஆகி வந்தது, சைன் போட்டவர் டேங்க் பக்கம் வரவே இல்லை. உள்ளே வெளிச்சத்துக்கு 230 வோல்ட் ஹேண்ட் லேம்ப். தகுந்த பாதுகாப்பு இல்லாமல் இப்படிப்பட்ட இடத்துக்குள் 24 வோல்ட்டுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று பழைய தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் கேட்டேன். ‘கான்ட்ராக்டர் கொண்டுவர வேண்டியது’ என்று ஸ்டோரில் பதில். ஆக்ஸிஜன் அளந்தார்களா என்று கேட்டேன், மீட்டர் காலிப்ரேஷனுக்குப் போயிருக்கிறது என்றார்கள். 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கக்கூடாது, அதை அளக்காமல் எப்படித் தெரியும்? பையனை இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த ஆர்டர் வேறு ஆளுக்குப் போனது.

நாளைக்கு ஏதாவது ஆனால் பேப்பரில் ‘கான்ட்ராக்டர் அலட்சியம்’ என்று வரும்.

கஞ்சிக்கோடு ஃபிட்டர்:
தம்பி, இறக்காதது சரி. இப்படி நிற்கிற கான்ட்ராக்டர்தான் எங்களுக்கு வேண்டும். ரேட் குறைவு என்று மட்டும் பார்த்தால் முதலில் வெளியே போகிறவர் நீங்கள்தான்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் இதைக் கேட்கப் போகிறேன். ஷிப்டுக்கு இரண்டு சொந்த ஃபிட்டர், ஒரு எலெக்ட்ரீஷியன் கட்டாயம் இருக்க வேண்டும். மெஷின் ஹிஸ்டரி புத்தகம் மில்லின் சொத்தாக இருக்க வேண்டும், கான்ட்ராக்டர் மாறினாலும் அது போகக்கூடாது. கழற்றின பேரிங்கை உடனே ஸ்கிராப்பில் போடாமல் டேக் கட்டி எங்கள் பெஞ்சில் வைக்க வேண்டும். ஹீட்டரும் கேஜும் மில் வாங்கிக் கொடுக்கட்டும். பெர்மிட் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் வேண்டும், சைன் போடுகிறவர் மெஷின் பக்கத்தில் நின்றுதான் போட வேண்டும்.

வாளையார் தோழர்:
இதெல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் அந்த இரண்டு சொந்த ஃபிட்டரும் ரிட்டையர் ஆன பிறகு? புது ஆள் எடுப்போம் என்று எழுத்தில் வாங்காமல் மீட்டிங்கிலிருந்து எழுந்திருக்காதீர்கள். ஐ.டி.ஐ. முடித்த பையன்களை அப்ரண்டிஸாக எடுத்து உங்களிடம் விடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் எங்கள் யூனியன் எதிர்க்கும்.

கொழிஞ்சாம்பாறை கான்ட்ராக்டர்:
அண்ணா, இன்னொரு வரியும் சேர்த்துக் கேளுங்கள். ஆபத்து என்று சொல்லி வேலையை நிறுத்தினால் அந்த நாள் கூலியைப் பிடிக்கக் கூடாது, அடுத்த டெண்டரில் அதைக் காரணம் காட்டி ஒதுக்கவும் கூடாது. பில் 45 நாளில் வரட்டும். இந்த இரண்டும் இருந்தால் ஹீட்டரை நானே வாங்கிக்கொள்கிறேன்.