புதுப்பிப்பு: மாற்றுச் சான்றிதழ் தராத பள்ளி

காட்பாடியில் என் அக்கா மகளுக்கு, ஐந்தாம் வகுப்புக் கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி, தனியார் பள்ளி ஒன்று மாற்றுச் சான்றிதழ் தர மறுத்ததை முன்பு எழுதியிருந்தேன். இப்போது அவள் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள், சான்றிதழ் இல்லாமலேயே.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5 இதைத் தெளிவாகச் சொல்கிறது: சான்றிதழ் தாமதமாவதைக் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. சான்றிதழில் கட்டணப் பாக்கியைக் குறிப்பிடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. தலைமையாசிரியருக்கு இதெல்லாம் தெரிந்தே இருந்தது. சிக்கல், மாணவர் விவரங்களைப் பதியும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில்தான். பள்ளி மாறுபவர்களின் பெயர்கள் இருக்கும் பொதுத் தொகுப்புக்குப் பழைய பள்ளி மாணவியை விடுவிக்காமல், புதிய பள்ளியால் அவள் பெயரைத் தன் பட்டியலுக்கு இழுக்க முடியவில்லை. வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர்வு நாளில் மனு கொடுத்தோம். அதற்குப் பிறகே விடுவித்தார்கள். மனு என்றதும் விரல்களுக்கு எங்கிருந்துதான் அத்தனை சுறுசுறுப்பு வந்ததோ!

“ஒரு வருடம் பொறுத்தால் என்ன?” என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. ஒரு வருடம் தவறினால் அந்த வாய்ப்பே போய்விடும்.

பாக்கி தள்ளுபடியாகவில்லை, அதைச் சட்டப்படி வசூலிக்கப் பள்ளிக்கு உரிமை உண்டு. அக்கா தவணையாகக் கட்டுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். சான்றிதழ் இன்னும் வரவில்லை.