பெட்ராவை ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? வயதான தாயாரும் உடன் வருகிறார்

கேள்வி: அபுதாபி வாசகி

அனைவருக்கும் வணக்கம். வரும் மார்ச் மாதம் குடும்பத்துடன் ஜோர்டான் செல்லவிருக்கிறோம். அம்மான் நகரில் தங்கி, ஒருநாள் காலையில் காரில் புறப்பட்டு, பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவைப் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிடலாம் என்பது என் கணவரின் யோசனை. ஊரிலிருந்து வந்திருக்கும் என் தாயாருக்கு வயது 67. சமதளத்தில் நிதானமாக நடப்பார். படி ஏறினால் முழங்கால் வலி வந்துவிடும். படங்களில் எங்கு பார்த்தாலும் பாறையில் செதுக்கிய அந்த ஒரே முகப்புதான் தெரிகிறது. அதற்கு அப்பால் பார்க்க என்ன இருக்கிறது, அம்மாவால் எதுவரை வர முடியும் என்பதைச் சென்று வந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: பாலைவழி

வணக்கம் சகோதரி. ஒரே நாள் போதாது. அம்மானிலிருந்து பெட்ராவுக்குச் சாலை வழியாகச் சுமார் 3 மணி நேரம் ஆகும். போக வர என்று பாதிப் பகல் காரிலேயே கழிந்துவிடும். வாசலை ஒட்டியுள்ள வாடி மூசா என்ற ஊரில் ஓரிரவாவது தங்குங்கள். நுழைவுக் கட்டணம் ஒரு நாளுக்கு 50 தினார், இரண்டு நாளுக்கு 55 தினார் என்ற அளவில் இருப்பதால், இரண்டாம் நாளுக்காக அதிகம் செலவாகப் போவதில்லை. பயணத்துக்கு முன்பே இணையத்தில் 'ஜோர்டான் பாஸ்' வாங்கிவிட்டால் பெட்ரா நுழைவுச்சீட்டும் அதிலேயே அடங்கிவிடும். நாட்டில் குறைந்தது மூன்று இரவுகள் தங்குவோருக்கு விசாக் கட்டணமும் தள்ளுபடியாகும். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் வாங்குமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தாயாரைப் பற்றிக் கவலை வேண்டாம். வரவேற்பு மையத்திலிருந்து, நீங்கள் படங்களில் பார்த்த 'கஸ்னே' (கருவூலம்) எனப்படும் அந்தப் புகழ்பெற்ற முகப்பு வரை ஏறத்தாழ 2 கிலோமீட்டர், அதில் 1.2 கிலோமீட்டர், 'சிக்' எனப்படும் குறுகிய மலைப்பிளவின் ஊடாகச் செல்கிறது. அந்த முகப்பு வரை மின்வண்டிகள் ஓடுகின்றன. அதற்கு அப்பால் பாறையில் குடைந்த அரங்கம், அரச கல்லறைகளின் அடிவாரம், தூண்கள் வரிசையிட்ட வீதி, கட்டடமாக எழுப்பப்பட்ட காஸ்ர் அல் பிந்த் கோயில் ஆகிய அனைத்தும் படியேறாமலேயே எட்டக்கூடியவை. ஆனால் போகும்போது இறக்கமாக இருக்கும் பாதை திரும்பும்போது ஏற்றமாகிவிடும் என்பதை மனத்தில் வையுங்கள். தாயார் களைப்படையும் முன்பே திரும்பிவிடுவது நல்லது.

மடாலயம் எனப்படும் அத்-தெயிருக்குச் செல்ல 800க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். அதை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொண்டு, தாயாரை விடுதியில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் இருவரும் சென்று வாருங்கள். கழுதையில் ஏற்றிச் செல்கிறோம் என்று பலர் அழைப்பார்கள். தயவுசெய்து மறுத்துவிடுங்கள், தேய்ந்து வழுக்கும் படிகளில் வெயிலில் ஆட்களைச் சுமக்கும் அந்த விலங்குகளின் நிலை பரிதாபமானது. கஸ்னே முகப்பு கிழக்கு நோக்கியது என்பதால் காலை வெயிலில் ஒளிரும். மடாலயம் மேற்கு நோக்கியது. பிற்பகலில் போனால்தான் கல்லின் நிறம் முழுமையாகத் தெரியும்.

மறுமொழி: கல்லும் நீரும்

மேலே நண்பர் சொன்ன ஏற்பாட்டை நானும் வழிமொழிகிறேன். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்ல விரும்புகிறேன். பெட்ராவின் பெருமை முகப்புகளில் மட்டும் இல்லை. மழை மிக அரிதான ஓரிடத்தில், இந்நகரை உருவாக்கிய நபத்தேயர்கள் என்ற பழங்கால அரபு மக்கள் ஒரு தலைநகரத்துக்கே தண்ணீர் கொடுத்தார்கள் என்பதில்தான் அது இருக்கிறது. நறுமணப் பிசின்களையும் வாசனைப் பொருள்களையும் ஏற்றி வந்த ஒட்டகக் கூட்டங்கள் இங்கே தங்கிச் சென்றதற்கு அந்தத் தண்ணீரும் ஒரு காரணம்.

சிக்கில் நடக்கும்போது எல்லோரும் அண்ணாந்தே பார்க்கிறார்கள். நீங்கள் சுவரின் அடியையும் பாருங்கள். ஒருபுறம் பாறையிலேயே வெட்டிய வாய்க்காலும், மறுபுறம் சுடுமண் குழாய்கள் பதித்த தடமும் உடன் வரும். ஊற்று நீர் இவற்றின் வழியாகத்தான் நகருக்குள் சென்றது. ஓரிடத்தில் ஒட்டகங்களை நடத்திச் செல்லும் மனிதரின் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. மேற்பகுதி முழுவதும் அரிக்கப்பட்டு, மனிதரின் பாதங்களும் ஆடையின் கீழ்ப்பகுதியும் ஒட்டகங்களின் கால்களும் மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றின் பின்னால் அந்த வாய்க்கால் தடைபடாமல் ஓடுகிறது. சிற்பியும் நீர்ப்பணியாளரும் ஒரே சுவரில் ஒருவருக்கொருவர் இடம் விட்டு வேலை செய்திருப்பதை அங்கே கண்ணாரக் காணலாம்.

அடுத்து, சிக்கின் தொடக்கத்தில் உள்ள அணை. திடீர் வெள்ளம் நகருக்குள் புகாமலிருக்க, அதை மறித்து, பாறையைக் குடைந்த 80 மீட்டருக்கும் மேல் நீளமான சுரங்கத்தின் வழியாக வேறு திசையில் திருப்பிவிட்டார்கள். பிற்காலத்தில் அந்த அணை சிதைந்து கிடந்தது; 1963இல் சிக்கினுள் பாய்ந்த வெள்ளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் உயிரிழந்தனர். அதன் பிறகுதான் அணை மீண்டும் கட்டப்பட்டது.

சுமார் 40 மீட்டர் உயரமுள்ள கஸ்னே முகப்பின் இரு ஓரங்களிலும் மேலிருந்து கீழ்வரை வரிசையாகப் பள்ளங்கள் இருப்பதைக் கவனியுங்கள். அவை வேலை நடந்தபோது ஏறி இறங்கவோ சாரம் நிறுத்தவோ பயன்பட்டவை என்று கருதப்படுகிறது. உச்சியிலுள்ள தாழியில் துப்பாக்கிக் குண்டுகள் பட்ட தடங்கள் இருக்கின்றன. உள்ளே புதையல் இருப்பதாக நம்பிச் சுட்டிருக்கிறார்கள், ஆனால் அது முழுக் கல். இவ்வளவு பெரிய வேலைப்பாடு நபத்தேய மன்னர் நான்காம் அரேத்தாஸின் கல்லறையாக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

மறுமொழி: மதீனாவாசி

வளைகுடாவில் வசிப்பவர் என்பதால் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. இதே நபத்தேயர் குடைந்த ஹெக்ரா, சவூதியின் அல் உலா அருகே இருக்கிறது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற இவ்விடத்தில் 111 கல்லறைகள் உள்ளன. முன்பதிவு செய்து, வண்டியிலேயே ஒவ்வோர் இடமாக இறங்கிப் பார்ப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மிகவும் ஏற்றது. பெட்ராவில் கல்லறைகள் பெரும்பாலும் பெயரில்லாமல் நிற்க, ஹெக்ராவில் பல வாசல்களின் மேல் உரிமையாளர் பெயர், மன்னரின் ஆட்சியாண்டு, அத்துமீறிப் புதைப்போருக்குச் சாபமும் அபராதமும் என எல்லாம் எழுத்திலேயே இருக்கின்றன. பெண்கள் தம் பெயரிலேயே கல்லறை வைத்திருந்ததும் இவற்றால் தெரிகிறது. தனிப்பாறையில் நிற்கும் காஸ்ர் அல் ஃபரீத் பாதியில் நின்றுபோனது. மேலே செதுக்கல் முடிந்து, கீழே கல் கரடுமுரடாகவே இருப்பதால், உச்சியிலிருந்து கீழ்நோக்கித்தான் வேலை செய்தார்கள் என்பது பார்த்தவுடன் விளங்கும்.

அபுதாபி வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வாடி மூசாவில் இரண்டு இரவுகள் தங்குவதென முடிவு செய்துவிட்டோம். வெள்ளம் பற்றிப் படித்ததும் அம்மாவுக்குச் சற்றுப் பயம் வந்துவிட்டது. மார்ச்சில் மழை இருக்குமா?

கல்லும் நீரும்

குளிர்காலத்திலும் அதையொட்டிய மாதங்களிலும் மழை வரக்கூடும், ஆனால் பெரும்பாலான நாள்கள் தெளிவாகவே இருக்கும். முதல் நாள் இரவே வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு, மழை எச்சரிக்கை இருந்தால் மறுநாளுக்குத் தள்ளிப்போடுங்கள். இரண்டு நாள் சீட்டு அதற்கும் உதவும். 2018 நவம்பரில் வெள்ளம் வந்தபோது ஆயிரக்கணக்கான பயணிகளை வெளியேற்றினார்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் தொலைவில் மலைமேல் பெய்த மழை கீழே வந்து சேரலாம்; எனவே காவலர்கள் வெளியேறச் சொன்னால் உடனே தாயாரை அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிடுங்கள்.