கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை: எண்ணெய் மட்டும் போதாது

உறவுகளுக்கு வணக்கம்.

ஊர்க் கிணறுகளைப் பரிசோதிக்கக் காசு சேர்க்கிறோம், நல்லது. ஆனால் பரிசோதனைப் பட்டியலில் எண்ணெயும் கிரீசும் மட்டும் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பசளையிலிருந்தும் மலக்கழிவிலிருந்தும் தண்ணீரில் கரைந்து வருகிற நைத்திரேற்றையும் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணம் சுன்னாகம் மின்நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்துக்குப் பிறகு எல்லோருக்கும் எண்ணெய்ப் பயம். அதில் பிழையில்லை, மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டுமென்று 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆனால் எண்ணெய் கூடினால் மிதக்கும், மணக்கும். நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சுன்னாகத்தைச் சுற்றியுள்ள வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுகிற பசளையில் பயிர் எடுத்தது போக மிச்சம் தண்ணீரோடு கீழே இறங்குகிறது. அடியில் வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். எதையும் மறித்து வைக்காது. காணிகள் துண்டுபட்ட பிறகு மலக்குழியும் கிணற்றுக்குக் கிட்ட வந்துவிட்டது, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவுவது குறையலாம். கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் வற்றும், நைத்திரேற்று அப்படியே நிற்கும். குளோரினும் அதற்கு ஒன்றும் செய்யாது. ஆகவே கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் தொடங்குவோம்.

ஒருமுறை எடுத்த அளவை நம்பவும் முடியாது. கோடை முடிவில் ஒரு கணக்கு, மாரி மழை கழுவி இறக்கிய பிறகு வேறு கணக்கு. காசு காணாதென்றால் கிணறுகளைப் பாதியாக்கி இரண்டு தரம் பார்ப்போம்.

நேரே சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கலாமென்று லண்டனிலிருக்கிற உறவுகள் எழுதியிருந்தார்கள். சரி, அது பிரித்துத் தள்ளுகிற கழிவுநீரை எங்கே விடுவது? வளவுக்குள் விட்டால் திரும்பவும் கிணற்றுக்குத்தான் போகும். முதலில் எந்தக் கிணறு, எவ்வளவு என்று தெரியட்டும்.

எண்ணெய் மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் எடுக்க வேண்டும். நைத்திரேற்று மாதிரியைக் குளிரில் வைத்துக் கெதியாக ஆய்வுகூடத்தில் கொடுக்க வேண்டும். புரட்டாதி முடிய முன் ஊரில் நிற்கப்போகிறவர்கள் மாதிரி எடுக்கப் பெயர் தாருங்கள். மழை தொடங்கினால் கோடைக் கணக்குக்கு அடுத்த வருடம்தான்.