பிரௌனிங்கையே சறுக்கவைத்த ஒரு சொல்

முதுகலையில் ஆங்கில இலக்கியம் படித்தபோது, ராபர்ட் பிரௌனிங் 1841இல் வெளியிட்ட 'பிப்பா பாசஸ்' என்னும் கவிதை நாடகம் எங்களுக்குப் பாடமாக இருந்தது. வட இத்தாலியின் அசோலோ என்ற ஊரில் பட்டு ஆலையில் உழைக்கும் ஏழைப் பெண்ணான பிப்பா, ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் விடுமுறை நாளைப் பாடிக்கொண்டே கழிக்கிறாள். 'கடவுள் வானத்தில் இருக்கிறார், உலகில் எல்லாம் நலமே' என்று மேடைதோறும் எடுத்தாளப்படும் வரிகள் அவள் பாட்டில்தான் வருகின்றன. இரவில் அறைக்குத் திரும்பி உறங்கப்போகும் முன், ஆந்தைகளைத் துறவியராகவும் வௌவால்களைக் கன்னியாஸ்திரீகளாகவும் கற்பனை செய்து அவள் பாடும் இடத்தில், துறவியரின் தலைமூடிக்கு இணையாக 'ட்வேட்' என்றொரு சொல் வருகிறது.

அந்தப் பகுதியை வகுப்பில் விளக்கும் முறை எனக்கு வந்தது. அகராதியைப் புரட்டச் சோம்பல்பட்டு, ஒரு பக்கம் தலைமூடி என்றால் மறுபக்கம் கன்னியாஸ்திரீகளின் முக்காடாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்து, அதையே உறுதியான குரலில் சொல்லிவிட்டேன். பேராசிரியர் இருமிவிட்டு அடுத்த வரிக்குப் போகச் சொன்னார். அந்த இருமலின் பொருள், மாலையில் நூலகத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியைத் திறந்தபோதுதான் விளங்கியது. அது பெண்ணின் பிறப்புறுப்பைச் சுட்டும் கொச்சைச் சொல். தொல்காப்பியர் 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்' என்றாரே, அப்படி மறைத்தே சொல்ல வேண்டிய இனத்தைச் சேர்ந்தது.

எனக்கு ஆறுதல் அளித்தது அதே பதிவில் இருந்த இன்னொரு செய்தி. நான் செய்த பிழையைத்தான் பிரௌனிங்கும் செய்திருந்தார். அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்கப்பட்டபோது, சர் ஹாரி வேன் என்ற அரசியல்வாதியைக் கிண்டல் செய்து 1660இல் வந்த ஓர் அங்கதப் பாடலை அவர் சுட்டிக்காட்டினார். வேனுக்குக் கர்தினாலின் தொப்பி கிடைக்கப் போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள், அதற்குப் பதில் கிழட்டுக் கன்னியாஸ்திரீ ஒருத்தியின் 'ட்வேட்'டை அவருக்கு அனுப்பிவைப்பார்கள் என்பது அதன் கருத்து. தொப்பியைக் குறிக்கும் 'ஹேட்' என்ற சொல்லோடு இயைபு அமையும்படி அந்த வசை வந்து விழுகிறது. கர்தினாலுக்குத் தொப்பி என்றால் கன்னியாஸ்திரீக்கும் தலையில் அணியும் ஏதோ ஒன்று என்று கவிஞர் நினைத்துவிட்டார். வாக்கிய அமைப்பை மட்டும் நம்பிப் பொருள் கொண்டால் அந்த ஊகத்தில் குறையே இல்லை. சொன்னவர் எந்தத் தொனியில் சொன்னார் என்பதுதான் அவர் காதில் விழவில்லை. உறங்கப்போகும் களங்கமற்ற பெண்ணின் வாயில் அந்தச் சொல் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

* * *

மேலே எழுதியவர் ஏட்டில் கண்டதை நான் இங்கிலாந்தில் அலுவலக உணவறையில் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு நண்பர்கள் ஒருவரையொருவர் இந்தச் சொல்லால் அழைத்துச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, 'மடையன்' என்பதற்கு நிகரான செல்ல வசை என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணம் பாதி சரி. இன்றைய பிரிட்டிஷ் பேச்சில் அது பெரும்பாலும் அறிவற்றவன், சகிக்க முடியாதவன் என்ற பொருளிலேயே வழங்குகிறது. 'ட்வேட்' என்றும் 'ட்வாட்' என்றும் இருவகையாக ஒலிக்கிறார்கள். ஓங்கி அடிப்பதற்கும் இதையே வினைச்சொல்லாக்கிக் கொள்கிறார்கள். ஆனால், நண்பர்களுக்குள் சிரிப்பாகப் போகும் சொல், கூட்டத்தில் மேலாளரின் காதுபட என் வாயிலிருந்து வந்தபோது சிரிப்பாகப் போகவில்லை. எவருமே என்னைக் கண்டிக்கவில்லை என்பதுதான் அதைவிடக் கூச்சமாக இருந்தது.

அந்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இந்தச் சொல்லின் எல்லை தெளிவாகத் தெரிவதில்லை. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டேவிட் கேமரன் 2009இல் ஒரு வானொலி நேர்காணலில், ட்விட்டர் என்ற பெயரை வைத்துச் சிலேடை செய்யப் போய் இதைச் சொல்லிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டுப் பொருளை அவர் மனத்தில் வைத்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். கேட்டவர்களில் சிலருக்கு அது நினைவிருந்தது, அவ்வளவுதான்.

* * *

முதலில் எழுதியவன்தான் மீண்டும் எழுதுகிறேன். பிப்பாவின் அந்தப் பாடலைத் தமிழில் பெயர்க்க முயன்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாதியில் நிறுத்தினேன். அகராதிப் பொருளை வைத்தால் பிப்பா அறியாத ஒன்றை அவள் வாயில் திணித்ததாகும். 'முக்காடு' என்று எழுதினால் கவிஞர் கருதிய பொருள் அப்படியே வந்துவிடுகிறது. ஆனால் ஒரு பெருங்கவிஞர் சறுக்கிய தடமே தெரியாமல் அழிந்துபோகிறது. கடைசியில் 'முக்காடு' என்றே எழுதி, கீழே ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தேன். அந்தக் குறிப்பு இப்போது பாட்டைவிட நீளமாக இருக்கிறது.