கிரிக்கெட் வர்ணனையில் யாருடைய குரல் உங்களுக்குப் பிடிக்கும், யார் பேசும்போது ஒலியைக் குறைப்பீர்கள்?

சேப்பாக்கம்வாசி எழுதியது:

தொலைக்காட்சியில் ஆட்டத்தை நாம் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியதையோ, ஸ்டம்பு சாய்ந்ததையோ ஒருவர் நமக்குச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. அப்படியிருக்க, கூடவே ஒலிக்கும் அந்தக் குரல் நமக்கு எதைத் தர வேண்டும்? நண்பர்கள் தங்களுக்குப் பிடித்த வர்ணனையாளரையும் பிடிக்காத வர்ணனையாளரையும் காரணத்தோடு எழுத வேண்டுகிறேன். வெறும் பெயர்ப் பட்டியல் போதாது. அவர் பேசிய ஏதாவது ஓர் ஆட்டத்தையும் குறிப்பிட்டால் நன்றாக இருக்கும்.

எனக்கு என்றைக்கும் முதலிடத்தில் இருப்பவர் ரிச்சி பெனோ. ஆஸ்திரேலிய அணியின் தலைவராக இருந்தவர், டெஸ்ட் போட்டிகளில் 2000 ஓட்டங்களையும் 200 விக்கெட்டுகளையும் எடுத்த முதல் ஆட்டக்காரர் என்ற பெருமைகள் இருந்தும், பேர் பெற்ற ஆட்டக்காரர் என்பதற்காக மட்டும் அவர் ஒலிவாங்கியைக் கையில் எடுக்கவில்லை. 1956இல் இங்கிலாந்துப் பயணம் முடிந்த பிறகு லண்டனிலேயே தங்கி, பிபிசி நடத்திய பயிற்சியில் சேர்ந்து தொழிலைக் கற்றுக்கொண்டார். அப்போது அவர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். திரையில் தெரிவதோடு கூடுதலாக ஒன்றைச் சேர்க்க முடிந்தால் மட்டுமே பேசுவது என்ற ஒழுங்கை வாழ்நாள் முழுவதும் காத்தவர் அவர். 1993இல் ஷேன் வார்ன் வீசிய பந்தில் மைக் கேட்டிங் ஸ்டம்பைப் பறிகொடுத்தபோது, என்ன நடந்தது என்றே கேட்டிங்குக்குத் தெரியவில்லை, இன்னும் தெரியவில்லை என்ற பொருள்பட அவர் சொன்ன சில சொற்களுக்கு மேல் அங்கே சொல்வதற்கு எதுவும் இல்லை.

இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் டெஸ்ட் தொடரின் 2005ஆம் ஆண்டுக் கடைசி நாளில், ஓவல் மைதானத்திலிருந்து இங்கிலாந்து நேயர்களிடம் அவர் விடைபெற்றுக்கொண்டிருந்தார். நன்றியுரையின் நடுவே கிளென் மெக்ராத்தின் பந்தில் கெவின் பீட்டர்சன் 158 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். பெனோ தம் விடைபெறலை அப்படியே நிறுத்தி, விக்கெட்டைச் சொல்லி, பீட்டர்சனின் ஆட்டத்தைப் பாராட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடர்ந்தார். இங்கிலாந்தில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசிய ஒருவர், தம் கடைசி நிமிடத்திலும் ஆட்டத்தைத் தமக்கு முன்னால் வைத்தார்.

பிடிக்காதவர் என்று கேட்டால் டேனி மாரிசன் என்பேன். நியூசிலாந்துக்காக 160 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தவர். பந்தை ஸ்விங் செய்வதில் நிகரற்ற அறிவு கொண்டவர். அந்த அறிவைக் கேட்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் டி20 ஒளிபரப்புகளில் நாணயம் சுண்டும் நேரத்திலிருந்து கடைசிப் பந்து வரைக்கும் அவர் குரல் ஒரே உச்சத்தில் இருப்பதால், எந்தப் பந்து முக்கியமானது, எது சாதாரணமானது என்ற வேறுபாடே காதில் அழிந்துபோகிறது.

வடமராட்சியான் எழுதியது:

பெனோவைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அமைதி ஒன்றையே அளவுகோலாக வைத்தால் டோனி கிரெய்க் போன்ற ஒருவருக்கு அநீதி செய்தவர்களாவோம். எங்கள் தலைமுறைக்கு, குறிப்பாக இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு, அவருடைய உயர்ந்த குரல் இல்லாமல் தொண்ணூறுகளின் கிரிக்கெட் இல்லை. களுவிதாரணவை "லிட்டில் களு" என்று அவர் அழைத்த உரிமையும், 1996 உலகக் கிண்ணத்தை நோக்கி எங்கள் அணி சென்ற அந்தக் காலத்தில் ஜயசூரியவும் களுவிதாரணவும் முதல் பதினைந்து ஓவர்களில் செய்த புதுமையை அவர் மனம் திறந்து கொண்டாடிய விதமும் மறக்கக் கூடியவை அல்ல.

ஷார்ஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 ஏப்ரல் 22ஆம் தேதி ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியா ஆடியபோது மணற்புயல் வந்து ஆட்டம் நின்று, பின்பு 46 ஓவர்களில் 276 என்று இலக்கு திருத்தப்பட்டது. இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற இந்தியாவுக்கு 237 ஓட்டங்களே போதுமாக இருந்தன. டெண்டுல்கர் 143 ஓட்டங்களைக் குவித்து அந்த 237ஐத் தாண்ட வைத்தார். ஆனாலும் வெற்றி இலக்கை எட்டாமல் ஆட்டத்தில் இந்தியா தோற்றது. இரண்டு நாள் கழித்து நடந்த இறுதிப் போட்டியில், தம் இருபத்தைந்தாவது பிறந்த நாளில், அவர் மீண்டும் 134 ஓட்டங்கள் எடுத்துக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். தகுதி பெறுவதற்கான கணக்கு ஒருபுறமும் வெற்றி இலக்கு மறுபுறமுமாக ஓடிக்கொண்டிருந்த அந்த முதல் ஆட்டத்தில், நேயரைக் குழப்பாமல், ஆனால் தம் வியப்பையும் மறைக்காமல் பேசியவர் கிரெய்க். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, இங்கிலாந்து அணிக்குத் தலைமை தாங்கி, ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் வேலை பார்த்த ஒருவர் இந்தியத் துடுப்பாட்ட வீரர் ஒருவரைக் கண்டு அப்படி மகிழ்ந்தாரே, அந்த மகிழ்ச்சியில் போலி எதுவும் இல்லை. குரல் உயர்வது குற்றமன்று. உயர வேண்டிய இடத்தில் அது உயர்கிறதா என்பதே கேள்வி.

ஆஸ்திரேலியாவின் சேனல் நைன் தொலைக்காட்சியில் சக வர்ணனையாளர் பில் லோரியும் அவரும் ஒருவரோடொருவர் வாதிட்டுக்கொண்டதும் எனக்கு மிகவும் பிடிக்கும். இருவரும் எதிரெதிர்க் கருத்து சொல்வார்கள்; ஆனால் பேச்சு எப்போதும் களத்தில் நடப்பதைப் பற்றியதாகவே இருக்கும். 2012 டிசம்பரில் அவர் இறந்தபோது கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கிரிக்கெட் பார்க்கிற எவரும் வருந்தாமல் இருந்திருக்க முடியாது.

பிடிக்காதவர் என்று ஒருவரைத் தனியாகச் சொல்ல எனக்கு மனமில்லை. விக்கெட் விழுந்துகொண்டிருக்கும்போது விளம்பரதாரரின் பரிசுப் போட்டியைப் படித்துக்கொண்டிருக்கும் எவரும் எனக்குப் பிடிக்காதவரே.

மூன்றாவது நடுவர் எழுதியது:

இந்த விவாதத்தில் யாரும் இன்னும் தொடாத ஒன்று இருக்கிறது. வர்ணனையாளருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்பதே அது. இந்தியாவில் நடக்கும் போட்டிகளின் ஒளிபரப்பைத் தயாரிக்கும் பொறுப்பை இந்தியக் கிரிக்கெட் வாரியமே எடுத்துக்கொண்ட பிறகு, வர்ணனையாளர்களை நியமிப்பதும் அதன் கைக்குப் போனது. 2013இல் ஆஸ்திரேலிய அணி இந்தியா வந்தபோது பேச அழைக்கப்பட்ட இயன் சாப்பல், அணித் தேர்வு, டிஆர்எஸ் (நடுவர் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் முறை), வாரிய நிர்வாகம் ஆகியவற்றைப் பற்றிப் பேசக் கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதை அறிந்து அந்த வாய்ப்பை மறுத்துவிட்டார். ஒரு டெஸ்ட் போட்டியில் மிக முக்கியமான மூன்று செய்திகளை விட்டுவிட்டு மீதியைப் பேசலாம் என்றால், மீதி என்ன இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தவர் ஹர்ஷா போக்ளே. பொறியியலும், அகமதாபாத் ஐஐஎம்மில் மேலாண்மையும் படித்தவர்; சர்வதேசப் போட்டி ஒன்றிலும் ஆடாதவர். 1991-92இல் இந்திய அணி ஆஸ்திரேலியா சென்றபோது ஏபிசி வானொலியில் பேசி அந்நாட்டு நேயர்களைக் கவர்ந்தவர். முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு இயல்பாகத் தோன்றுவதால் அவர்கள் விளக்காமல் கடந்துவிடும் விஷயத்தை, நம் சார்பில் கேள்வியாகக் கேட்டு வெளியே கொண்டு வருவதுதான் அவருடைய திறமை. 2016 மார்ச் 23 அன்று பெங்களூரில் வங்கதேசத்தை இந்தியா ஒரு ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. அதற்குப் பிறகு, இந்திய வர்ணனையாளர் நம் ஆட்டக்காரர்களைப் பற்றி இன்னும் கூடுதலாகப் பேச வேண்டும் என்று நடிகர் அமிதாப் பச்சன் யாருடைய பெயரையும் சொல்லாமல் எழுதியதும், அணித் தலைவர் தோனி அதை ஆமோதித்ததும், அடுத்த சில நாட்களில் ஐபிஎல் வர்ணனைக் குழுவில் ஹர்ஷா இல்லாமற்போனதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். நீக்கத்துக்கு அதிகாரபூர்வமான காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. காரணம் எதுவாக இருந்தாலும், இரு அணிகளையும் ஒரே கண்ணால் பார்ப்பதைக் குறையாக நினைக்கும் மனநிலை நேயர்களிடமும் பரவியிருப்பதை அந்த நாட்களில் கண்டேன். அது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

முன்னாள் இந்திய ஆட்டக்காரரும் வர்ணனையாளருமான சஞ்சய் மஞ்ச்ரேக்கரைப் பற்றி என் கருத்து இரண்டு பக்கமும் சாய்கிறது. 2019 நவம்பரில் கொல்கத்தாவில் நடந்த இளஞ்சிவப்புப் பந்து டெஸ்டில், பந்து கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஆட்டக்காரர்களிடம் கேட்டறிய வேண்டும் என ஹர்ஷா சொன்னதற்கு, களத்தில் ஆடியவர்களுக்கு அப்படிக் கேட்கத் தேவையில்லை என்ற தொனியில் அவர் பதிலளித்தார். அதைக் கேட்டபோது அவரைப் போல எனக்குப் பிடிக்காத வர்ணனையாளர் வேறு யாரும் இல்லை. பின்னர் அவரே அதற்காக வருந்தினார். அதே ஆண்டு உலகக் கோப்பையின்போது, ரவீந்திர ஜடேஜா போல இதையும் அதையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும் ஆட்டக்காரர்களைத் தமக்குப் பிடிக்காது என்று அவர் சொன்னது பெரிய சர்ச்சையானது. ஜடேஜா அதற்குக் கடுமையாகப் பதில் எழுதினார். அரையிறுதியில் நியூசிலாந்துக்கு எதிராக 59 பந்துகளில் 77 ஓட்டங்கள் எடுத்து மட்டையாலும் பதில் சொன்னார். மஞ்ச்ரேக்கர் தம் கணிப்பு பொய்த்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். எனக்கு இதில் குறை தெரியவில்லை. ஒருவர் துணிந்து ஒரு கணிப்பைச் சொல்கிறார், ஆட்டக்காரர் அதை முறியடிக்கிறார், சொன்னவர் அதை ஏற்கிறார். விமர்சனம் இப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் 2020 மார்ச்சில் வாரியத்தின் வர்ணனைக் குழுவிலிருந்து அவரும் நீக்கப்பட்டார். இந்த நிகழ்வுகளைப் பார்த்து வளரும் இளம் வர்ணனையாளர், எல்லோரையும் புகழ்ந்துவிட்டுப் போவதே பாதுகாப்பு என்று எண்ணினால் அவரை எப்படிக் குறை கூறுவது?

இந்த இடத்தில் பெனோவை நானும் நினைக்கிறேன். 1981 பிப்ரவரி 1 அன்று மெல்போர்னில், கடைசிப் பந்தில் நியூசிலாந்து ஆறு ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தைச் சமன் செய்துவிடக் கூடாது என்பதற்காக, கிரெக் சாப்பல் தம் தம்பி டிரெவரைப் பந்தைத் தரையோடு உருட்டிவிடச் சொன்னார். தம் நாட்டு அணியின் தலைவர் எடுத்த அந்த முடிவை, கிரிக்கெட் களத்தில் தாம் கண்ட மிக மோசமான செயல்களுள் ஒன்று என்று ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியிலேயே பெனோ கண்டித்தார். அடுத்த ஆட்டத்திலும் அதே நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்.

பந்தயக்குதிரை எழுதியது:

கால்பந்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பீட்டர் டிரூரி எனக்குப் பிடிக்காதவர் என்று சொன்னால் நண்பர்கள் பலர் சண்டைக்கு வருவார்கள். 2018இல் ரோமா அணி பார்சிலோனாவை 3-0 என்று வீழ்த்தியபோது அவர் பொழிந்த கவித்துவமான வரிகளை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கோ அந்த நேரத்தில் கோல் அடித்த மனோலாஸின் ஓட்டத்தைப் பார்க்கவும் ரசிகர்களின் ஆரவாரத்தைக் கேட்கவும் வேண்டும் போல இருந்தது. 2012 மே 13 அன்று அகுவேரோ கடைசி நொடிகளில் கோல் அடித்து மான்செஸ்டர் சிட்டிக்குப் பட்டம் பெற்றுத் தந்தபோது, மார்ட்டின் டைலர் அந்தப் பெயரை மட்டும் நீட்டி முழங்கிவிட்டுச் சில நொடிகள் வாய் திறக்கவே இல்லை. எனக்கு டைலர் போதும்.

பழைய வானொலி எழுதியது:

தமிழ் வர்ணனையை எல்லோரும் விட்டுவிட்டீர்களே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன். பொங்கல் நாட்களில் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட் போட்டிகளை அகில இந்திய வானொலியில் தமிழில் கேட்டு வளர்ந்தவர்களுள் நானும் ஒருவன். சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரல் எனக்கு இன்றும் பிடித்த குரல். பந்துவீச்சாளர் எந்த முனையிலிருந்து ஓடி வருகிறார், களத்தடுப்பாளர்கள் எங்கே நிற்கிறார்கள், எத்தனை விக்கெட் போயிருக்கிறது என்பதையெல்லாம், இடையில் வந்து கேட்கிறவருக்கும் புரியும்படி, தெளிவான உச்சரிப்போடு சொல்வார். வானொலி நேயருக்குக் கண் இல்லை. அந்தப் பொறுப்பு அவர் பேசிய ஒவ்வொரு வாக்கியத்திலும் இருந்தது.

2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் அலைவரிசை வந்தபோது மிகவும் மகிழ்ந்தேன். அங்கே பேசியவர்களில் எனக்குப் பிடித்தவர் பத்ரிநாத். சுழற்பந்துக்கு எதிராக ஒரு மட்டையாளரின் கால் எங்கே போகிறது, அணித் தலைவர் ஏன் மிட்விக்கெட்டைப் பின்னுக்குத் தள்ளினார் என்பதை ஆட்டத்தின் வேகத்துக்குள்ளேயே சொல்லிவிடுவார். ஸ்ரீகாந்த் வேறு வகை. 1983 இறுதிப் போட்டியில் 38 ஓட்டங்கள் எடுத்து, இரு அணிகளிலும் மிகுதியாக ஓட்டம் எடுத்தவராக நின்றவர். அன்று மட்டையைச் சுழற்றிய அதே வேகத்தில்தான் இன்று பேசுகிறார். அந்த உற்சாகம் உண்மையானது என்பதால் எனக்கு அதில் குறையில்லை. ஆனால் அவருக்குப் பக்கத்தில் நிதானமான ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

எனக்குப் பிடிக்காதது, மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் அமர்ந்து திரைப்பட வசனங்களையும் பழைய கல்லூரிக் கதைகளையும் பகிர்ந்துகொள்ளும் பழக்கம். ஓவர் முடிந்து அடுத்த ஓவர் தொடங்கிவிடும். யார் பந்து வீசுகிறார் என்று திரையில் எழுத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். எழுத்துப் படிக்கத் தெரியாத, பார்வை மங்கிய முதியவர்களும் நம் வீடுகளில் தமிழ் வர்ணனையை நம்பித்தான் ஆட்டம் பார்க்கிறார்கள். இரண்டு பேர் போதும். ஒருவர் பந்தைச் சொல்ல, ஒருவர் காரணத்தைச் சொல்லட்டும்.

சேப்பாக்கம்வாசி எழுதியது:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. வடமராட்சியானின் கிரெய்க்கை முழு மனத்தோடு ஏற்கிறேன். அவர் ஷார்ஜாவில் பேசியதை இன்றும் தேடிக் கேட்கிறேன். அதே வரிசையில் இயன் பிஷப்பையும் சேர்ப்பேன். 2016 ஏப்ரல் 3 அன்று கொல்கத்தாவில் நடந்த டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் கடைசி ஓவரில் 19 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது கார்லோஸ் பிராத்வெயிட் தொடர்ந்து நான்கு சிக்சர் அடித்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று பிஷப் முழங்கினார். மேற்கிந்தியத் தீவுகளுக்காக ஆடிய ஒருவர் தம் அணியின் வெற்றியில் பெருமிதம் கொண்டது இயல்பே.

மூன்றாவது நடுவர் கேட்ட நடுநிலைக்கு நான் இயன் ஸ்மித்தைச் சொல்வேன். நியூசிலாந்தின் முன்னாள் விக்கெட் காப்பாளர் அவர். 2019 ஜூலை 14 அன்று லார்ட்ஸில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்து, நியூசிலாந்து ஆகிய இரு அணிகளும் 241 ஓட்டங்கள், பிறகு சமனை முறிக்க ஆளுக்கு ஓர் ஓவர் ஆடும் சூப்பர் ஓவரிலும் ஆளுக்குப் பதினைந்து. குப்டில் ரன் அவுட் ஆனதும், அடித்த பவுண்டரிகளின் எண்ணிக்கையைக் கொண்டு கிண்ணம் இங்கிலாந்துக்குப் போனது. தம் சொந்த நாடு அப்படி ஒரு விதியால் உலகக் கோப்பையை இழந்த அந்தக் கணத்தில், ஒலிவாங்கி அவர் கையில்தான் இருந்தது. இங்கிலாந்து மிக மிக மெல்லிய வித்தியாசத்தில் வென்றுவிட்டது என்று, குரலில் கசப்பின் சாயல்கூட இல்லாமல், முழு ஆற்றலோடு அவர் அறிவித்தார். நியூசிலாந்து வீரர்களின் வேதனையைப் பற்றியும் அதே மூச்சில் பேசினார்.