பழைய காற்றுக் கொம்பிரசருக்கு 3 பரிவலு (HP) மோட்டர் போதாதா? உதவி தேவை

கோப்பாய் ரயர்கடை:
வணக்கம். அப்பாவின் இரண்டு சிலிண்டர் கொம்பிரசரை, 1990 க்குப் பிறகு மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில் மண்ணெண்ணெய் எஞ்சினில் ஓட்டினோம். இப்போது எஞ்சின் பழுதாகிவிட்டதால் 3 பரிவலு மோட்டர் பூட்டினேன். மோட்டர் உறுமுகிறது, பெல்ட் துடிக்கிறது, பிறகு ட்ரிப் விழுகிறது. 5 பரிவலு வாங்கினால் சரிவருமா? கடையில் வேலை நிற்கிறது, விரைவாகச் சொல்லுங்கள்.

நெல்லியடி மின்வேலை:
தம்பி, மோட்டரின் தகட்டில் நிமிடத்துக்குச் சுற்று எத்தனை, தனி அவத்தையா (single phase) மூவவத்தையா (three phase), இரண்டு கப்பிகளின் விட்டம் என்ன, காற்றைச் சேமிக்கும் தாங்கி வெறுமையாக இருக்கும்போதும் இப்படித்தானா என்பவற்றை எழுதாமல் எவரும் சரியான விடை தர முடியாது. மின்மானியிலிருந்து வரும் வயரின் நீளமும் தடிப்பும் வேண்டும்.

கொக்குவில் குளிரூட்டி:
மோட்டரைக் கிளப்ப உதவும் ஸ்டார்ட் கொண்டென்சர் பலமிழந்திருக்கும். உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கும் மோட்டர்களில் நான் முதலில் மாற்றுவது அதைத்தான்.

நகரத்து மூத்தவர்:
தகட்டைக்கூட வாசிக்காமல் மோட்டர் பூட்டியவருக்கு எதைச் சொல்வது? கொம்பிரசர் என்றால் மூவவத்தைதான். இதை இங்கே எத்தனை தடவை எழுதிவிட்டேன்.

கோப்பாய் ரயர்கடை:
மன்னிக்கவும் ஐயா. தனி அவத்தை, 230 வோல்ட், 2850 சுற்று. எஞ்சினில் இருந்த 6 அங்குலக் கப்பியையே மோட்டரில் மாட்டினேன். கொம்பிரசரின் சக்கரம் 15 அங்குலம். எஞ்சின் 1500 சுற்றில் ஓடியது. தாங்கி வெறுமையானால் சிரமப்பட்டாவது கிளம்பும். அமுக்கம் 80 இறாத்தல் (psi) ஏறியபின் நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. வயர் 2.5 சதுர மில்லிமீற்றர், ஏறத்தாழ 40 மீற்றர்.

சுன்னாகம் மோட்டர் சுற்றுபவர்:
விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. எஞ்சினில் 1500 ஐ 6 ஆல் பெருக்கி 15 ஆல் வகுத்தால் கொம்பிரசர் 600 சுற்றில் ஓடியிருக்கிறது. அதே கப்பியோடு 2850 சுற்று மோட்டரைப் பூட்டியதும் அது 1140 ஆகிவிட்டது. ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் காற்றை அமுக்க ஏறத்தாழ இருமடங்கு வலு வேண்டும் என்பதால் 3 பரிவலு திணறுகிறது. 5 பரிவலு பூட்டினால் அது சுற்றத்தான் செய்யும். ஆனால் மெதுவாக ஓடுவதற்கென்று வார்த்த அந்தப் பழைய இரும்பின் வால்வுத் தகடுகளும் பெயரிங்குகளும் சூடேறிக் கெட்டுவிடும். நல்ல பொருளை அப்படி அழிக்க வேண்டாம். மோட்டர் கப்பியை 3¼ அங்குலமாகக் குறைத்தாலும் கணக்குச் சரிவரும், ஆனால் உங்கள் பெல்ட் தடித்த பி வகையாக இருந்தால் அவ்வளவு சிறிய கப்பியில் வழுக்கி வெடித்துவிடும். ஆகவே 1440 சுற்று மோட்டராக மாற்றுங்கள். 6 அங்குலக் கப்பி அப்படியே இருக்கலாம், கொம்பிரசர் 576 இல் ஓடும்.

அமுக்கம் ஏறியபின் கிளம்பாதது வேறு கோளாறு. எஞ்சின் நிற்காமல் ஓடியதால் அப்போது தேவைப்படாத அன்லோடர் வால்வு இப்போது தேவை. மோட்டர் நிற்கும்போது கொம்பிரசருக்கும் தாங்கிக்கும் இடைப்பட்ட குழாயின் காற்றை அது வெளியேற்றும். தாங்கியின் காற்று திரும்பாமல் ஒருவழி வால்வு தடுக்கும்.

நெல்லியடி மின்வேலை:
வயரையும் மறக்க வேண்டாம். கிளம்பும் கணத்தில் 80 அம்பியர் இழுத்தால் அந்த நீளத்தில் ஏறத்தாழ 50 வோல்ட் இழக்கும். அப்போது மோட்டரின் முறுக்கம் (சுழற்றும் விசை) ஏறத்தாழ 60 வீதத்துக்கு இறங்கும். 6 சதுர மில்லிமீற்றர் வயர் இழுங்கள்.

நகரத்து மூத்தவர்:
மூவவத்தை இணைப்பு எடுத்தால் இவை எதுவும் தேவையில்லை.

சுன்னாகம் மோட்டர் சுற்றுபவர்:
ஐயா, மூவவத்தையில் கிளம்புவது இலகுவாகும் என்பதை ஏற்கிறேன். ஆனால் 2850 சுற்று மூவவத்தையிலும் 2850 தான். கப்பிக் கணக்கு மாறாது.

சாவகச்சேரி வெல்டிங்:
தாங்கியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே! முப்பது ஆண்டுகளாக அடியில் நீர் தேங்கிய தாங்கி உள்ளிருந்து துருப்பிடித்திருக்கும். நீர் நிரப்பி, ஓடும் அமுக்கத்தின் ஒன்றரை மடங்கில் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள். காற்றால் சோதிக்க வேண்டாம், வெடித்தால் ஆள் தப்பாது.

நகரத்து மூத்தவர்:
சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்டாலே தெரியும்.

சாவகச்சேரி வெல்டிங்:
தெரியாது ஐயா. ஊசிமுனைத் துருக்குழிகளை ஒலி காட்டாது. நல்ல ஒலி தந்த தாங்கியை அறுத்து, உள்ளே தகடு கடதாசிபோல் மெலிந்திருந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

கோப்பாய் ரயர்கடை:
1440 மோட்டர் மாற்றி, அன்லோடரும் பூட்டினேன். 100 இறாத்தலிலும் உடனே கிளம்புகிறது. எல்லோருக்கும் நன்றி.

சாவகச்சேரி வெல்டிங்:
மகிழ்ச்சி தம்பி. தாங்கியைச் சோதித்தீர்களா?