மாப்பிள்ளைக்கு ஐபிஎஸ்ஸாம்!

செங்கல்பட்டிலிருந்து பீச் வரைக்கும் தினமும் எலக்ட்ரிக் டிரெயின். அதில் கழிப்பறை கிடையாது என்பது மற்றவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை, எனக்கு மூன்று வருஷம் அதுதான் ஒரே கவலை. எந்த ஸ்டேஷனில் எந்த நடைமேடையில் கழிப்பறை, இறங்கியதும் இடமா வலமா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஆரம்பித்தது ஒரு கல்யாணச் சாப்பாட்டில். வாந்தி பேதி, இரண்டு பாட்டில் குளுக்கோஸ், நாலு நாளில் எழுந்துவிட்டேன். வயிறு மட்டும் பழையபடி ஆகவில்லை. காலையில் காபி உள்ளே போனால் போதும், முறுக்கிப் பிடிக்கும், போய் வந்தால் குறையும், சட்டைக்குப் பொத்தான் போடும்போது மறுபடி. இப்படிப்பட்ட பேதிக்குப் பிறகு ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்தத் தொந்தரவு தங்கிவிடும் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் ரத்தம், தைராய்டு, ஸ்கேன், கொலனோஸ்கோபி எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல். நார்மல் என்று கேட்டு அழுகை வந்தது எனக்கு. வீட்டில் "எல்லாம் மனசுதான்" என்றார்கள்.

கடைசியாகப் பார்த்த குடல் டாக்டர் நிதானமாகக் கேட்டார். வாரத்தில் ஒரு நாளாவது வலிக்கிறதா, மூன்று மாதமாக இருக்கிறதா, போய் வந்தால் மாறுகிறதா. ரத்தம், எடை குறைவு, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுவது, இதையெல்லாம் தனியாகக் கேட்டு, இல்லை என்ற பிறகுதான் ஐபிஎஸ் என்று எழுதினார். இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், அதாவது சோதனையில் ஒன்றும் தெரியாமலே வலியும் பேதியும் சிலருக்கு மலச்சிக்கலுமாகப் படுத்தும் குடல் கோளாறு. மாமியார் அதைப் பக்கத்து வீட்டில் சொல்ல, "மாப்பிள்ளை எப்போ பரீட்சை எழுதினார்?" என்று கேட்டார்களாம்.

மெபவெரின் மாத்திரை, சாப்பாட்டுக்கு 20 நிமிஷம் முன்னால். முறுக்கல் அடங்கியது, அவசரம் அடங்கவில்லை. அப்புறம்தான் டயட்டீஷியன், ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கொண்டுவந்த ஃபாட்மேப் பத்தியம். சரியாகச் செரிக்காமல் குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சில சர்க்கரை வகைகளைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைப்பது. நான் வருஷக்கணக்கில் மிளகாயைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், அந்த அம்மா கைவைத்தது வெங்காயத்திலும் பூண்டிலும்! பெருங்காயத்தூளில்கூட மைதா கலந்திருக்கிறதா என்று டப்பாவைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பூண்டை முழுசாக நல்லெண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் ரசம் தாளித்தாள் மனைவி. பூண்டில் வயிற்றைப் படுத்தும் ஃபிரக்டன் என்கிற அந்தச் சர்க்கரை வகை எண்ணெயில் கரையாது, வாசனை மட்டும் இறங்கும்.

நாலு வாரம் கழித்து ஒவ்வொன்றாக, மூன்று மூன்று நாள், திரும்பச் சேர்த்துப் பார்த்தோம். தயிர் ஒன்றும் செய்யவில்லை. சப்பாத்தி இரண்டு வரை சரி. சின்ன வெங்காய சாம்பார் சாப்பிட்ட அன்று கிண்டியைத் தாண்டவில்லை. (இந்தத் திரும்பச் சேர்க்கிற பாகத்தை விட்டுவிட்டு ஆயுசுக்கும் பத்தியம் இருப்பவர்கள் நிறைய. அது தப்பு.)

பதில்

எனக்கு நேர் எதிர், நாலு நாளானாலும் போகாது. வயிறு உப்பியதைப் பார்த்து பஸ்ஸில் ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார், விளக்கம் சொல்ல வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டேன். இசப்கோல் எடுத்த எடுப்பில் இரண்டு ஸ்பூன் போட்டு இன்னும் உப்பிப்போனது. அரை ஸ்பூனில் ஆரம்பித்து, பெரிய டம்ளர் தண்ணீரோடு, வாராவாரம் கொஞ்சம் கூட்டிய பிறகுதான் பலன். கோதுமைத் தவிடு எனக்கு ஆகவே இல்லை.

பதில்

எனக்கு ராத்திரிக்கு 10 மி.கி. அமிட்ரிப்டிலின். நெட்டில் தேடினால் மனச்சோர்வு மாத்திரை என்று வந்தது, கோபத்தில் ஒரு மாசம் தொடவில்லை. கேட்டபோது, இந்தக் குறைந்த அளவில் அது குடல் வலியை மட்டுப்படுத்தத்தான் என்றார் டாக்டர். 2023இல் லான்செட் இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வும் அதையே சொல்கிறது. வாய் உலர்கிறது, மலம் இறுகுகிறது. எனக்கு அது லாபம், மேலே எழுதிய சகோதரி டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

பதில்

என் தம்பி தனக்கு ஐபிஎஸ்தான் என்று தானே முடிவுகட்டி, ரத்தம் வந்ததை மூலம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினான். கடைசியில் பார்த்தால் அல்சரேட்டிவ் கொலைடிஸ், பெருங்குடலில் அழற்சியும் புண்ணும். அது வேறு நோய், வேறு மருந்து.

அப்புறம், அந்தப் பூண்டு எண்ணெயைச் செய்து பாட்டிலில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்

வேண்டாம் சார். வெளியே வைத்தால் விஷக்கிருமி வளரும் என்று டயட்டீஷியன் மிரட்டியே அனுப்பினார். அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே செய்கிறோம், இரண்டு ஸ்பூன் எண்ணெய்க்கு நாலு பல்.